மலைக் கழுத்தில் குருசு

பயப்படாதீங்க சாரே, அது கேஸ் இல்ல. காலை ஏன் சீட்டு மேல தூக்கி வச்சிருக்கீங்க, தாராளமாக் கீழே விடுங்க. காத்து அடைக்கிற சிலிண்டர் அது. இப்ப அந்தக் காத்தும் இல்ல, காலி. நாகர்கோவில்ல கொண்டுபோய் நிரப்பணும். கண்டக்டரும் முதல்ல முகத்தைச் சுளிச்சாரு. லக்கேஜ் டிக்கெட் கிழிச்ச பிறகு அவருக்குப் பயம் தெளிஞ்சிடுச்சு.

எதுக்குன்னா, முதுகில கட்டிக்கிட்டுக் கடலுக்கடியில போறதுக்கு. ஆமா, நான்தான் போறேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கிடுங்க. அறுபதைத் தாண்டினவன் ரப்பர்ச் சட்டை போட்டு, தவளைக்கால் மாட்டி நடந்து வந்தா யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கே வரும்.

நீங்க எந்த ஊரு? தோவாளையா, பூ விக்கிற ஊரு. நல்லதாப் போச்சு. கடற்கரை ஆளா இருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எங்க ஊரு ஸ்டாப்பில ஏறாம, ஒரு ஸ்டாப் தள்ளி வந்து இந்தப் பஸ்ஸைப் பிடிச்சதே அதுக்குத்தான். பாவசங்கீர்த்தனத்தில பங்குச்சாமிகிட்டச் சொன்னேன், அதுவும் பாதிதான். அவரும் கடற்கரைக்காரர், பாத்துக்கிடுங்க. மீதிப் பாதி நெஞ்சுக்குள்ளேயே கிடந்து உறுத்துது.

என் பேரு ததேயு. எனக்கு ஒரே அண்ணன், சூசைமிக்கேல். தூண்டில்காரர். வலையைத் தொடமாட்டார். கலவாமீன் பிடிக்கிறதில அவரை மிஞ்ச எங்க கரையில ஆள் கிடையாது. கலவான்னா பாறை இடுக்கில கிடக்கிற பெரிய மீன். கீழ் உதட்டைத் துருத்திக்கிட்டு, யார் மேலயோ கோபமா இருக்கிற மாதிரியே இருக்கும்.

அது நினைச்ச இடத்தில கிடைக்காது. கடலுக்கடியில பாறைக்கூட்டம் இருக்கும், நாங்க பார்னு சொல்லுவோம். அங்கதான் கிடைக்கும். மேல இருந்து பாத்தா பார் தெரியுமா? தெரியாது, எல்லாம் ஒரே தண்ணி. அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது? கரையைப் பாத்துத்தான். வள்ளத்தில நின்னு பாத்தா, எங்க மாதா கோயில் கோபுரத்துக் குருசு, அதான் சிலுவை, பின்னால தெரியிற மலையோட கழுத்தில போய் உக்காரணும். அதே நேரம் இந்தப் பக்கம் திரும்பினா, கலங்கரை விளக்கு கடலுக்குள்ள நிக்கிற கூம்புப் பாறையை உரசிக்கிட்டு நிக்கணும். ரெண்டும் எந்த இடத்தில சேருதோ அங்க தூண்டிலை இறக்கலாம். இதுக்குக் கணியம்னு பேரு. இப்ப இதை உங்ககிட்டத் தாராளமாச் சொல்லலாம், ஊர் பூரா தெரிஞ்சு போன கணியம். அதுதானே என் கதையே.

கணியம் குடும்பச் சொத்து சாரே. கரையில வச்சு வாயால சொல்லக் கூடாது. கடல்ல வச்சுக் கண்ணால காட்டணும். பக்கத்தில வேற வள்ளம் வந்தாத் தூண்டிலைச் சுருட்டிட்டு, மீன் கிடைக்காதவன் மாதிரி வெத்தலையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். என் அண்ணன் அப்படி எத்தனை வெத்தலை போட்டிருப்பாரு. அவரு பல்லு கறுத்ததே அந்தப் பாராலதான்.

அந்தக் கணியம் அறிஞ்சது மூணே பேரு. அண்ணன், அவருகூட வள்ளத்தில போற பனியடிமை, பிறகு நான். இளவயசில நானும் அண்ணன்கூடப் போனவன்தான். பிறகு பஹ்ரைன் போயிட்டேன், அங்கேயே மயிரும் நரைச்சுது. திரும்பி வந்த பிறகு அண்ணன் கூப்பிட்டாரு. "வள்ளத்தில வாலே, சும்மா உக்காந்து துருப்பிடிச்சுப் போவ." நான் முதுகு வலின்னு சொன்னேன். பொய் இல்ல, வலி உண்டு. என்ன, அந்த வலி திங்கள் முதல் சனி வரைக்கும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இருக்காது.

ஞாயிறு எங்க கரையில யாரும் கடலுக்குப் போகமாட்டாங்க. கர்த்தருடைய நாள். கடல் சும்மா கிடக்கும். அன்னிக்குத்தான் எங்க செட்டு போகும். செட்டுன்னா பெருசா ஒண்ணும் இல்ல. ரெஜின்னு ஒரு பையன், பக்கத்து ஊரு, வள்ளத்து இஞ்சின் ரிப்பேர் பாக்கிறவன். அந்தமான்ல வேலை செய்தப்போ இந்த வித்தையைப் படிச்சிட்டு, பழைய சாமான்களை வாங்கிட்டு வந்தான். பெனிட்டான்னு ஒரு பொண்ணு, குளச்சல்ல ரத்தம் எடுத்துப் பாக்கிற லேபில வேலை. ஜஸ்டஸ் சார், டிராயிங் வாத்தியார். பூசை முடிஞ்சதும், மாதா சொரூபம் வச்ச பாறைக்கெபிக்குப் பின்னால கூடுவோம். மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் யாராவது கொண்டு வருவாங்க. போறது, முங்குறது, தின்னுறது, கதை பேசுறது. அவ்வளவுதான்.

ரெஜின் இஞ்சினைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தப்போ சும்மா பேச்சுக் குடுத்தேன். "வாங்க அங்கிள், ஒரு நாள் இறங்கிப் பாருங்க"ன்னான். இறங்கினேன். முதல்ல பெரிய பாடு. கடல்ல முங்கினா மூச்சைப் பிடிக்கணும்னு பழகின உடம்பு இது. அங்க மூச்சைப் பிடிக்கவே கூடாதாம், விட்டுக்கிட்டே இருக்கணுமாம். ரெஜின் தண்ணிக்குள்ள என் நெஞ்சில தட்டித் தட்டி மூச்சு விடச் சொன்னான். விட்டேன். பிறகு என்ன சொல்ல சாரே. உடம்புக்குப் பாரமே இல்ல. முதுகு வலி இல்ல. யாரும் கூப்பிடல, யாரும் ஒண்ணும் கேக்கல. கடல்ல பிறந்தவன் நான், கடலுக்குள்ள என்ன இருக்குன்னு அன்னிக்குத்தான் பாத்தேன்.

அண்ணன்கிட்டச் சொல்லல. வேலைக்குக் கூப்பிட்டப்போ முதுகுன்னவன், வேடிக்கைக்குப் போறேன்னு எப்படிச் சொல்ல? ஞாயிறானா குளச்சல்ல கூட்டாளி வீட்டுக்குப் போறதாச் சொல்லிட்டுக் கிளம்புவேன். வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும்.

இப்ப கேளுங்க, தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு. கரையோரப் பாறையில தண்ணி கலங்கல். வாரா வாரம் போறோம், கையை நீட்டினா விரல் தெரியாது. ஒரு நாள் கிழங்கு தின்னுக்கிட்டு இருக்கும்போது பெனிட்டா கேட்டா, "அங்கிள், நீங்க பழைய கடல்காரர்தானே? நல்ல இடம் ஒண்ணும் தெரியாதா?" ரெஜின் குறுக்கே விழுந்தான். "அங்கிளுக்கு பஹ்ரைன் ரோடுதான் தெரியும். அங்க எந்தக் கடையில குபூஸ் ரொட்டி நல்லாயிருக்கும்னு கேளு, சொல்லுவாரு." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா பாருங்க, சுருக்குன்னு தைச்சிடுச்சு.

அதுவும் இல்லாம, எனக்கும் ஒரு ஆசை. அந்தப் பார் மேல எத்தனை வருஷம் தூண்டில் போட்டவன். கீழ இருந்து கொளுவி வர்றதை மட்டும்தான் பாத்திருக்கேன். அது இருக்கிற இருப்பை ஒரு தடவை பாத்துட்டா என்ன? பிடிக்கப் போறேனா, இல்ல. பாத்துட்டு வரப் போறேன். அது ஒரு குத்தமா?

கூட்டிட்டுப் போனேன். வாயால சொல்லல, கேட்டியளா. இஞ்சின் பக்கத்தில உக்காந்து ரெஜினுக்குக் கையால வலப்பக்கம், இடப்பக்கம்னு மட்டும் காட்டினேன். குருசு மலைக் கழுத்தில உக்காந்ததும் கையைத் தூக்கினேன். வாயால சொல்ல மாட்டேன்னு அண்ணனுக்குப் பண்ணின சத்தியத்தை மீறல.

கீழ போனா, பெரிய பெரிய பாறை, வீடு மாதிரி. இடுக்குக்கு இடுக்கு கலவா. ஒண்ணு வெளிய வந்து என்னைப் பாத்துது, உதட்டைத் துருத்திக்கிட்டு. அப்படியே எங்க அண்ணன் முகம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், தண்ணிக்குள்ள. ஜஸ்டஸ் சார் அதைப் பாத்துட்டு இன்னும் கேலி பண்ணுறாரு.

மேல வந்தோம். எல்லாருக்கும் சந்தோசம். நான் சிலிண்டரைக் கழட்டிக்கிட்டு வள்ளத்து அடியில குனிஞ்சிருந்தேன். அப்ப இந்தப் பெனிட்டா ஃபோனை எடுத்து, நின்ன இடத்தில நின்னு ஒரு சுத்துச் சுத்தி வீடியோ எடுத்திருக்கா. 'எங்க கடலின் ரகசியத் தோட்டம்'னு பேரும் போட்டு அன்னிக்கே நெட்டுல விட்டுட்டா. அதில என் முகம் இல்ல. என் முகம் மட்டும்தான் இல்ல. கோபுரத்துக் குருசு இருக்கு, மலைக் கழுத்து இருக்கு, கலங்கரை விளக்கு இருக்கு, கூம்புப் பாறை இருக்கு. டவுன்ல பாத்தவங்க அழகா இருக்கு, அழகா இருக்குன்னு எழுதினாங்களாம். கடற்கரையில பாத்தவன் ஒருத்தனும் ஒண்ணும் எழுதல. வள்ளத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

அந்தப் பொண்ணைக் குறை சொல்ல முடியாது. லேபில வேலை பாக்கிற பிள்ளைக்குக் கணியம் என்ன தெரியும்? ரெஜினாவது சொல்லியிருக்கணும். அவன் சொல்லல. நான் எப்படிச் சொல்ல? என்கிட்ட அந்த மாதிரி ஃபோன் கிடையாது, வீடியோ வந்ததே எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த வாரமே அண்ணன் போய்ப் பாத்தா, பார் மேல வள்ளமா நிக்குது. நம்ம ஊரு, அடுத்த ஊரு, அதுக்கும் அடுத்த ஊரு. தூண்டில்காரன் மட்டும்னா பரவாயில்ல, ரெண்டு பேரு வலையையே இறக்கியிருக்கான். அண்ணன் தூண்டில் போடவே இல்லையாம். திரும்பி வந்து, வள்ளத்தைக் கரையேத்தாம, தண்ணியிலேயே விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. மைனி வந்து கூப்பிட்டா. "வந்து பாருங்க, ஒங்க அண்ணன் சோறும் வேண்டாம்னுட்டாவ, பேச்சும் இல்ல. செவரைப் பாத்துக்கிட்டு இருக்காவ." போனேன். பக்கத்தில உக்காந்தேன். "அப்பாவுக்க பாருலே"ன்னு மட்டும் சொன்னாரு. நான் அவரு முதுகைத் தடவிக் குடுத்தேன். ஆறுதல் சொல்ல நான் ஒருத்தன்தானே அவருக்கு இருக்கேன்.

மறுநாள் ஏலம் போடுற இடத்தில வச்சு அண்ணன் பனியடிமையைப் பிடிச்சுக்கிட்டாரு. எத்தனை வருஷமா ஒரே வள்ளத்தில, ஒரே கஞ்சிச்சட்டியில தின்ன மனுசன்.

"எனக்க கணியத்த எவனுக்குலே காட்டின?"

"மிக்கேலு, எனக்க மக்கமாரு மேல ஆணை. நான் காட்டல."

"ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் காட்டல. பின்ன வானத்துல இருந்து எறங்கி வந்தானா?"

ரெண்டு பேருன்னாரு, பாத்தியளா. என்னைக் கணக்கிலேயே சேக்கல. அவ்வளவு நம்பிக்கை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் போய் அண்ணன் கையைப் பிடிச்சு, "விடுண்ணே, வீடியோ எடுத்த செட்டு ரெஜினுக்கது. ரெஜின் இவருக்க மருமவன். சின்னப் பையன், எங்கயோ கேட்டிருப்பான். பனியடிமையண்ணன் வேணும்னு செய்திருக்க மாட்டாரு"ன்னு சொன்னேன். சண்டையை விலக்கி விடத்தான் சொன்னேன். ஊருக்கே தெரிஞ்ச உறவுதானே அது, ரெஜின் அவரு தங்கச்சி மகன்னு. ஆனா அதைக் கேட்ட பிறகு அண்ணன் முகம் மாறிப் போச்சு. "இனிமே எனக்க வள்ளத்துல கால் வைக்காத"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

பனியடிமை என்னைத்தான் பாத்தாரு. அன்னிக்கு அந்தியில குருசடிக்கு முன்னால முட்டுப்போட்டு, ஆளுங்க பாக்க, மெழுகுதிரியில கைவச்சுச் சத்தியம் பண்ணினாரு. வேற வள்ளத்தில அவரை யாரும் ஏத்தல. கணியத்தைக் காட்டிக் குடுத்தவன்னு பேரு வந்திட்டா யாரு ஏத்துவான்? கரையில உக்காந்து அடுத்தவன் வலையைத் தைச்சுக்கிட்டு இருந்தாரு. நான் அந்தப் பக்கம் போறதையே நிறுத்திட்டேன். மனசு தாங்கல எனக்கு. இளகின மனசு.

நான் ஒண்ணும் செய்யாம இருந்தேன்னு நினைக்காதீங்க. அடுத்த ஞாயிறு நாங்க மறுபடி அந்தப் பாருக்குப் போனோம். போய்ப் பாத்தா, பாறை மேல ஒரு வலை கிழிஞ்சு கொளுவிக் கிடக்கு. அதில கலவா, உயிர் போனதும் போகாததுமா. ஒண்ணு என்னைப் பாத்து வாயை வாயைத் திறந்துது. நான் கத்தியை எடுத்து வலையை அறுத்தேன் சாரே, காத்து தீருற வரைக்கும் அறுத்தேன். ரெஜின் வந்து இழுத்துட்டுப் போனான். மேல வந்து வாந்தி எடுத்தேன். கடல் தண்ணி குடிச்சதுன்னு நினைச்சாங்க.

பிறகு அண்ணன் கொஞ்ச நாள் கடலுக்கும் போகல, யாருகிட்டயும் பேசல. ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாரு. முத்தத்தில உக்காந்தாரு. சுக்குக்காப்பி குடுத்தோம், குடிச்சாரு. வீட்டுக்காரி உள்ள போன பிறகு சொன்னாரு.

"ததேயு, இன்னொரு பார் உண்டு."

நான் அவரையே பாத்தேன்.

"அப்பா எனக்கு மட்டும் சொன்னது. பனியடிமைக்கும் தெரியாது. நான் கண்ண மூடினா எனக்ககூட வந்துரும். நீ வச்சுக்க."

சொன்னாரு. அங்கேயே, என் முத்தத்தில வச்சே சொன்னாரு. ஐஸ் பிளாண்ட் தண்ணித்தொட்டி மாதா குன்றுக்கு நடுவுல தெரியணும், மேக்குப்பக்கம் ஒத்தப்பனை கூம்புப் பாறைக்கு வெளிய ஒரு முழம் தள்ளி நிக்கணும். கரையில வச்சுக் கணியம் சொல்லக் கூடாதுன்னு வழக்கம் இருந்தும் சொன்னாருன்னா, என் மேல அவருக்கு எவ்வளவு பிரியம் இருக்கணும். நான் அழுதிட்டேன். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேண்ணே"ன்னேன். அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அது எனக்குத் தெரியும்லே"ன்னாரு.

இனிமே செட்டோட போறதே இல்லன்னு அன்னிக்கு முடிவு பண்ணினேன். ஜெபமாலையைக் கையில வச்சுக்கிட்டுத்தான் முடிவு பண்ணினேன். ஞாயிறு வந்துது. காலையில பூசையில உக்காந்து யோசிச்சேன். கணியம் காதால கேட்டா மறந்து போகும். எனக்கோ வயசாகுது. ஒரு தடவை கண்ணால பாத்துட்டா மறக்காது. அண்ணன் குடுத்த சொத்தைப் பத்திரமா வைக்கணும்னா பாத்துத்தானே ஆகணும்? தனியாப் போக வள்ளம் இல்ல. செட்டோடதான் போகணும். அதனால இந்தத் தடவை கவனமா இருந்தேன். எல்லாரு ஃபோனையும் கரையிலேயே வாங்கி ஒரு பையில போட்டுக் கட்டி, பாறையிடுக்கில வச்சுட்டுத்தான் வள்ளத்தை எடுக்க விட்டேன். பெனிட்டாவுக்குக் கோபம். "ஒரு தடவை பட்டாச்சு பிள்ளே"ன்னேன். ஏன்னு அவளுக்குப் புரியல.

ஜஸ்டஸ் சார் மட்டும் வழியில ஒரு கேள்வி கேட்டாரு. கரையைப் பாத்துக்கிட்டே, "இது உங்க அப்பா சொன்ன கணியமா? ஐஸ் பிளாண்ட் தொட்டியை இப்பத்தானே கட்டினாங்க. நான்தான் அதில பெயின்டில மீன் படம் வரைஞ்சேன்"னாரு. வாத்தியாருங்களுக்கு எல்லாத்திலயும் கேள்வி. அப்பா வேற ஏதாவது மரத்தைச் சொல்லியிருப்பாரு, மரம் போயிருக்கும், அண்ணன் தொட்டியை வச்சுப் பொருத்தியிருப்பாருன்னு சொன்னேன்.

இடம் வந்துது. இறங்கினோம். இறங்கினோம், இறங்கினோம், கீழ மணல். வெறும் மணல். ஒரு கல் இல்ல, ஒரு பாசி இல்ல. ஒரு கடலட்டை மட்டும் கிடந்துது. நான் அங்க இங்க நீந்திப் பாத்தேன், கையால மணலைக் கிண்டியும் பாத்தேன். பார் என்ன மணலுக்குள்ளயா புதைஞ்சிருக்கும், அப்பவும் கிண்டினேன்.

மேல வந்ததும் ரெஜின், "நல்ல கிரவுண்டு அங்கிள், அடுத்த வாரம் பேட்டும் பந்தும் எடுத்துட்டு வருவோம்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரல.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாத்தினேன். அண்ணன் வந்துட்டாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவரு தூங்குற நேரம், வரமாட்டாரு, அன்னிக்கு வந்தாரு. காலையில இருந்தே மாதா குன்று மேல போய்க் கடலைப் பாத்துக்கிட்டு இருந்தாருன்னு மைனி பிறகு சொன்னா. காத்து வாங்கப் போயிருப்பாரு.

"மொகத்துல என்னலே தடம்?"

அந்தக் கண்ணாடி இருக்கே, முகத்தில இறுக்கி மாட்டுறது, அது கழட்டின பிறகும் தடம் போகாது. வயசான தோல்ல இன்னும் நேரம் எடுக்கும்.

"தலையணைத் தடம்ணே. கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"தலவாணி வட்டமாட்டா இருக்கு ஒனக்கு?"

நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. கிட்ட வந்து, பெருவிரலால என் நெத்தியில அந்தத் தடத்தை ஒரு தேய் தேய்ச்சாரு. சின்ன வயசில மூக்கு ஒழுகினா அப்படித்தான் துடைச்சு விடுவாரு. பிறகு போயிட்டாரு.

மறுநாள் விடியும்போது பாத்தா, அண்ணன் வள்ளத்தில பனியடிமை உக்காந்திருக்காரு. முந்தின நாள் சாயங்காலமே அண்ணன் அவரு வீட்டுக்கு நடந்து போனாராம். வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டாராம், ஊருக்காரங்க பாக்க. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? வயசானா கோபம் தணிஞ்சு போகும்போல. நான் செபிச்ச செபமும் ஒரு காரணமா இருக்கலாம்.

ரெண்டு பேரும் இப்ப எங்கேயோ போறாங்க, வள்ளம் நிறையக் கலவா கொண்டு வர்றாங்க. எங்கன்னு ஊருல ஒருத்தனுக்கும் தெரியல. எனக்கு என்ன உறுத்தல்னா, அண்ணன் எனக்குச் சொன்ன கணியத்தில பார் இல்லையே. அவருக்கு மறதி வந்துடுச்சு. தொட்டியையும் பனையையும் மாத்திப் போட்டுட்டாரு. "அண்ணே, அங்க மணல்தான் இருக்கு"ன்னு அவருகிட்டச் சொல்லணும். அவரு நல்லதுக்குத்தான். ஆனா எப்படிச் சொல்ல? மணல்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா?

நேத்து அவரே மீன் கொண்டு வந்தாரு. கலவாத் தலை, நல்ல பெருசு. வீட்டுக்காரி கறி வச்சா. அண்ணன் சாப்பிடல, பசி இல்லன்னுட்டாரு. எனக்கு எதிர்க்க உக்காந்து நான் திங்கிறதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"கறி எப்படி?"

"நல்லாயிருக்குண்ணே."

"எங்க பிடிச்சதுன்னு கேக்கலியே."

கை சோத்திலேயே நின்னுது. "எங்கண்ணே?"

"ஒனக்குச் சொன்னேன்லா. அங்கதான்."

சொல்லிட்டு அவரு பேசாம இருந்தாரு. அவசரமே இல்ல. வீட்டுக்காரி குழம்புக் கரண்டியோட அப்படியே நிக்கா. ஒரு வார்த்தை சாரே. மணல்ண்ணேன்னு ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேக்கத்தான் அவரு உக்காந்திருக்காரோன்னு ஒரு நிமிசம் எனக்குத் தோணிச்சு. இருக்காது, மறதி.

"நல்ல இடம்ணே"ன்னு சொன்னேன்.

அண்ணன் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, உள்ளதில பெரிய துண்டா எடுத்து என் தட்டில வச்சாரு. தின்னேன்.